நூறடி ரோட்டில் ரசித்து ஓட்ட எந்தக் கார்? ஒரு தேர்வின் முழு விவரம்

ஓட்டுபவர் என் அக்கா மகள். வயது 29, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வீடு விருகம்பாக்கம், வேலை பெருங்குடியில். ஆற்காடு ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து வடபழனி, அங்கிருந்து நூறடி ரோடு, கத்திப்பாரா, கிண்டி, வேளச்சேரி. ஒரு பக்கம் 18 கிலோமீட்டர் பக்கம் வரும். கையில் இருந்தது அத்தான் ஓட்டிப் பழகிய 2013 ஸ்விஃப்ட் டிசையர் டீசல். புது கார் பட்ஜெட் ஆன்-ரோடு 10 லட்சம், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், தீபாவளிக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று தேட ஆரம்பித்தோம்.

அவள் கேட்டது மைலேஜ் கார் இல்லை, சன்ரூஃப் கார் இல்லை. "மாமா, ஆசைப்பட்டுத்தான் டிரைவிங் கத்துக்கிட்டேன். இப்ப ஆபீஸ் போற நேரம் வந்தாலே எரிச்சலா இருக்கு. ஓட்ட ஜாலியா ஒரு வண்டி சொல்லுங்க" என்றாள். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவள் அந்த நேரம் இனிமையாகப் போகவேண்டும் என்று கேட்பதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் குதிரைத்திறனில்தான் ஆரம்பிப்பார்கள். 120 பிஎஸ் இருக்கா, நூறைத் தொட எத்தனை செகண்ட் என்று. சென்னை மாநகருக்குள் கார்களுக்கான வேக வரம்பு 2023 நவம்பரில் இருந்து மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. வரம்பை விடுங்கள், காலை ஒன்பது மணிக்கு நூறடி ரோட்டில் 60 போக இடம் எங்கே இருக்கிறது? அவள் வாழ்க்கை ஓடுவது பூஜ்யத்துக்கும் 40க்கும் நடுவில். ஓட்டும் சந்தோஷம் என்று ஒன்று கிடைக்கவேண்டும் என்றால் அதற்குள்தான் கிடைக்கவேண்டும்.

பழைய கார் ஏன் எரிச்சல் தந்தது

புது கார் பார்ப்பதற்கு முன்னால், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே வழியில் அதே நேரத்தில் போனேன். இதை எல்லோரும் செய்யவேண்டும் என்பேன். எது பிடிக்கவில்லை என்பது தெரியாமல் எது பிடிக்கும் என்று தேட முடியாது.

அந்த டிசையரில் இருப்பது 1.3 லிட்டர் டீசல் எஞ்சின், 75 பிஎஸ், 190 என்எம் டார்க் (டார்க் என்பது எஞ்சினின் சுழற்றும் விசை). காகிதத்தில் பார்த்தால் இந்தச் சைஸ் காருக்கு 190 என்பது தாராளம். நெடுஞ்சாலையில் ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்கள் அந்த எஞ்சினைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 190 வருவது 2,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும்போது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகை குறைவு, அதனால் டர்போவும் தூங்கும். இப்போது விஜயநகர் சிக்னலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். கார் இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எஞ்சின் ஆயிரத்தைச் சுற்றித்தான் சுற்றுகிறது. முன்னால் எம்டிசி பஸ் ஸ்டாப்பில் ஒதுங்குகிறது, வலது பக்கம் ஒரு கார் நுழையும் அளவு இடம் கிடைக்கிறது. அவள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதிக்கிறாள். ஒரு செகண்ட் கழித்து வண்டி திடீரென்று பாய்கிறது, அதற்குள் அந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்துவிட்டது, பிரேக். உடனே கிளட்ச், அதுவும் கனமான கிளட்ச். மறுபடி ஒன்றாவது கியர். பெருங்குடி வரை இதே கதைதான், திரும்பத் திரும்ப.

அந்தக் கார் வேகம் குறைந்த கார் கிடையாது. கேட்கும் நேரத்தில் தராமல், கேட்டு முடித்தபிறகு மொத்தமாகத் தருகிறது. எரிச்சலுக்கு வேர் இது என்று தெரிந்ததும் தேடல் பாதி முடிந்துவிட்டது.

எதைப் பார்த்தோம்

கால் வைத்ததும் வண்டி நகர வேண்டும். கிளட்ச் இலகுவாக இருக்கவேண்டும். அகலம் குறைவாக, எடை குறைவாக இருக்கவேண்டும். அப்புறம் முன்கண்ணாடியின் ஓரத்தூண், அதாவது ஏ-பில்லர், பைக்காரர்களை மறைக்கக்கூடாது. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் ஊருக்குள் மனசு நிம்மதியாக ஓட்டுவதற்கு இதைவிட முக்கியமானது குறைவு. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ளவருக்கு சீட்டை உயர்த்தும் வசதி இல்லையென்றால் பானட் முனை எங்கே இருக்கிறது என்றே தெரியாது, எனவே எடுக்கப்போகும் வேரியன்ட்டில் அந்த லீவர் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். விற்பனையாளர் வாய்வார்த்தை போதாது.

திரும்பும் வட்டம் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். 30 அடித் தெரு என்பது 9.1 மீட்டர். ஸ்விஃப்ட்டின் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், முழு வட்டம் 9.6. தெரு காலியாக இருந்தாலும் ஒரே வீச்சில் திரும்பாது, ஒருமுறை ரிவர்ஸ் போட்டாக வேண்டும். எம்ஜி காமெட்டுக்கு ஆரம் 4.2, வட்டம் 8.4, ஒரே திருப்பில் முடிந்துவிடும். மாருதி இக்னிஸ் 4.7, டாடாவின் மின்சார கார் டியாகோ ஈவி 5.1. காகிதத்தில் அரை மீட்டர்தான், பின்னால் நான்கு பைக்கும் ஒரு தண்ணீர் லாரியும் ஹாரன் அடிக்கும்போது அந்த அரை மீட்டரின் அருமை தெரியும்.

டெஸ்ட் டிரைவ் விஷயத்தில் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தோம். ஷோரூம்கள் காலை பதினோரு மணிக்கு, காலியான ரோட்டில், ஒரு வட்டம் அடிக்க வைத்து அனுப்பிவிடும். அந்த நேரத்தில் எந்தக் காரும் நல்ல கார்தான். நாங்கள் வேலை நாளில், மாலை ஆறரைக்கு மேல், நெரிசலில் கேட்டோம். ஒரு ஷோரூமில் முடியவே முடியாது என்றார்கள். அதே காரை வேறு ஷோரூமில் போய் ஓட்டினோம். ஏசி போட்டு, மூன்று பேர் உட்கார்ந்து, இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி மிதிப்பதுதான் எங்கள் முதல் சோதனை. பழைய கார் தோற்ற இடம் அதுதானே.

ஓட்டிப் பார்த்தவை

செகண்ட் ஹேண்ட் ஃபோக்ஸ்வாகன் போலோவில் ஆரம்பித்தோம், ஏனென்றால் "ஜாலி" என்றதும் அவள் ஆபீஸில் பாதிப்பேர் சொன்ன பெயர் அது. இந்தியாவில் 2022இல் நின்றுபோன கார். கடைசி இரண்டு வருடம் வந்த 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் 110 பிஎஸ், 175 என்எம். ஸ்டீயரிங் அருமை, கதவை மூடும் சத்தமே தனி. ஆனால் அதுவும் டர்போ. நெரிசல் வேகத்தில் கியரைக் குறைக்காமல் விட்டால் சோம்பல் காட்டுகிறது. இன்னொரு ஆபத்து, இந்தக் காரை வைத்திருந்தவர்களில் பலர் எஞ்சின் மென்பொருளை மாற்றி, பவரை ஏற்றி, ஆசை தீர ஓட்டியவர்கள். விற்கும்போது பழையபடி மாற்றிக் கொடுத்துவிட்டால் நம்மால் கண்டுபிடிப்பது கஷ்டம். விட்டுவிட்டோம்.

அடுத்து மாருதி ஃப்ரான்க்ஸ் டர்போ, 100 பிஎஸ். நல்ல கார், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவளுக்கு ஒட்டவில்லை. "அப்பா வண்டி மாதிரி இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள்.

இக்னிஸை நான் மனசாரப் பரிந்துரைத்தேன். நாலு சிலிண்டர், 83 பிஎஸ், 850 கிலோ பக்கம் எடை, அகலம் 1,690 மில்லிமீட்டர். ஐடிலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. உயரமாக உட்காரலாம், நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும். வளைவுகளில் கொஞ்சம் சாயும். அவளுக்கு அதன் முகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். தினமும் பார்க்கப்போகிற பொருள் கண்ணுக்குப் பிடிக்கவேண்டும் என்பது நியாயமான காரணம், நான் மேற்கொண்டு பேசவில்லை.

காமெட் மூன்று மீட்டருக்கும் குறைவு, 2,974 மில்லிமீட்டர். பின்சக்கர இழுப்பு. தி.நகர் சந்துகளில் ஓட்டும்போது அவள் வாய் காது வரை போனது. ஆனால் 12 அங்குலச் சக்கரம், மெட்ரோ தோண்டிப்போட்ட பள்ளங்களில் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் தெரிகிறது. பின்சீட்டை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடம் கிடையாது. வீட்டில் இரண்டாவது காராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "ஜாலியான சின்ன கார்" என்ற பட்டம் இப்போது அதற்குத்தான். நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற கார். 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 120 பிஎஸ், 172 என்எம், அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடுகிறது. இறுக்கமான சஸ்பென்ஷன், நாலு பக்கமும் டிஸ்க் பிரேக், பின்னால் இருந்து வரும் சத்தமே ஆளை உசுப்பேற்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் ஓட்டினோம். திருவான்மியூர் தாண்டி ரோடு திறந்ததும், எனக்கே இறங்க மனசு வரவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பாள். ஒரு வேலைநாள் மாலை வேளச்சேரியில் ஓட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

அங்கே அது வேறு கார். 1,775 மில்லிமீட்டர் அகலம், டியாகோவை விடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். இரண்டு பக்கமும் பைக்குகள் உரசிக்கொண்டு போகும்போது அந்தப் பத்து சென்டிமீட்டர் முழுக்க நம் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. 10, 12 கிலோமீட்டரில் ஊரும்போது எஞ்சின் 1,500க்குக் கீழே போய்விடுகிறது, திரும்ப ஒன்றாவது கியர் கேட்கிறது. ஆட்டோமேட்டிக் எடுக்கலாம் என்றால் அதில் வருவது டூயல் கிளட்ச். சாதாரண டிராஃபிக்கில் பட்டு போல மாறும், ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் அந்தக் கிளட்ச்கள் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் ஆயுட்கால சாலை வரி 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10ஐத் தாண்டி 20 வரை 18. வண்டி விலையில் ஐம்பதாயிரம் கூடுவது ஆன்-ரோடு பில்லில் ஒரு லட்சமாகத் தெரிவது இதனால்தான். வாரத்துக்கு ஒரு காலைப் பொழுதுக்காக மற்ற நாளெல்லாம் சகித்துக்கொள்ள வேண்டிய கார், அவள் வழித்தடத்துக்கு. ஓஎம்ஆர் தாண்டி கேளம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர் என்றால் என் பதில் மாறியிருக்கும்.

டியாகோ ஈவியா, ஸ்விஃப்ட்டா

கடைசியில் நின்றவை இந்த இரண்டும். இங்கே மூன்று எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய டிசையர் டீசல் 190 என்எம், 2,000 ஆர்பிஎம்மில். இப்போதைய ஸ்விஃப்ட் பெட்ரோல் 112 என்எம், 4,300இல். 24 கிலோவாட்-அவர் பேட்டரி உள்ள டியாகோ ஈவி 114 என்எம், கால் வைத்த அதே கணத்தில். எண்ணில் பெரியது டீசல். கத்திப்பாரா அடியில் சிக்னல் பச்சையானதும் முதலில் கிளம்புவது ஈவி, சந்தேகமே வேண்டாம்.

உண்மையாகச் சொன்னால், நெரிசல் ஊரில் ஓட்டுவதற்கு மின்சார கார்தான் சிறந்தது என்ற முடிவுக்கு அந்த ஒரு மாலையில் நான் வந்துவிட்டேன். கிளட்ச் இல்லை, சூடு இல்லை, அதிர்வு இல்லை. காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அதன் அளவை மூன்று படிகளாக மாற்றலாம், மூன்றாவது படியில் வைத்தால் பிரேக் பெடலுக்கு வேலை பாதியாகக் குறைகிறது. தினசரி 36 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் தாராளம். வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றி அக்கா பயந்தாள்; 2024 அக்டோபரில் மழை வருகிறது என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியதை நாம் எல்லோரும் பார்த்தோமே. பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி அடைத்தது, தண்ணீரில் உடனடி ஆபத்து உண்மையில் பெட்ரோல், டீசல் எஞ்சினுக்குத்தான். காற்றிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். எந்தக் கார் என்றாலும் தேங்கிய தண்ணீரில் இறக்காதே என்றுதான் சொன்னேன்.

இரண்டு விஷயங்கள் தடுத்தன. முதலாவது, அப்பார்ட்மென்ட்டில் அவள் பார்க்கிங் இடம் இபி மீட்டர் பெட்டியிலிருந்து எதிர் மூலையில். லைன் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ள வேண்டும், அவர்கள் அடுத்த மீட்டிங் என்றார்கள். வெளியே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பவர்களிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். வேலை முடித்து வந்து சார்ஜிங் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஓட்டிய சந்தோஷம் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது அவளே சொன்னது. "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா என் கைக்கு வேலையே இல்லையே." கியர் போடுவது அவளுக்குப் பிடித்த வேலை. இந்த ஒரு பதிலை எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் தராது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

ஸ்விஃப்ட்டுக்கு வருகிறேன். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறை. நாலு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் போட்டார்கள், 90 பிஎஸ் 82 ஆகிவிட்டது. பழைய ஸ்விஃப்ட் ரசிகர்கள் கோபப்பட்டார்கள், அதிவேகத்தில் அந்தக் கோபம் சரியானதே. 4,000க்கு மேலே இந்த எஞ்சின் சத்தம்தான் போடுகிறது, உற்சாகம் காட்டுவதில்லை. ஆனால் கீழ்ச்சுற்றில் டர்போவுக்காகக் காத்திருக்கும் வேலை இதில் கிடையாது, எடை 920 கிலோ பக்கம்தான். அதே சோதனை, இரண்டாவது கியர், 15 கிலோமீட்டர், முக்கால் மிதி. பாயவில்லை, ஆனால் உடனே, காலுக்குச் சமமாக, நூல் பிடித்தாற்போல் 45 வரை ஏறியது. கிளட்ச் பூப்போல. கியர் லீவர் இரண்டு விரலுக்கு அடங்குகிறது. ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் அந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது.

குறைகளும் அதே ஓட்டத்தில் தெரிந்தன. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது சீட்டில் லேசான அதிர்வு. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திரும்பியபின் அது தானாக நேருக்கு வருவதில்லை, நாம்தான் கொண்டுவர வேண்டும். இவ்வளவு துறுதுறுப்பான காருக்கு இவ்வளவு உணர்ச்சியில்லாத ஸ்டீயரிங் ஏன் என்று எனக்கு வருத்தமே.

ஏஎம்டி வேண்டுமா என்று ஷோரூமில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அது வேறொன்றும் இல்லை, அதே மேனுவல் கியர்பாக்ஸை ஒரு மோட்டார் இயக்குகிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் எஞ்சினை ஒரு கணம் விட்டுப் பிடிப்பதால் தலை முன்னால் போய் வருகிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு அது வரப்பிரசாதம். ரசித்து ஓட்ட வேண்டும் என்பவருக்கு இல்லை.

வேரியன்ட்டில் ஒரு சின்ன விவாதம். விஎக்ஸ்ஐயில் 14 அங்குலச் சக்கரம், பக்கச்சுவர் உயரமான டயர், பள்ளத்தை நன்றாக விழுங்கும். இசட்எக்ஸ்ஐயில் 15 அங்குலம், அகல டயர், பிடிமானமும் பிரேக்கும் கூடுதல் நம்பிக்கை தரும். மழைக்காலம் தொடங்கும் நேரம், நான் பிடிமானத்தின் பக்கம் நின்றேன். இசட்எக்ஸ்ஐ மேனுவல், 10 லட்சத்துக்குள் முடிந்தது.

எடுத்த பிறகு

முதல் வாரம் வண்டி தடதடவென்று குதிக்கிறது என்று போன் செய்தாள். டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். யார்டில் நாள்கணக்கில் நிற்கும் கார்களுக்குக் காற்றைக் கூடுதலாக ஏற்றி வைப்பது வழக்கம், டெலிவரியில் சில நேரம் அதைக் குறைக்காமலே கொடுத்துவிடுவார்கள். 40 பிஎஸ்ஐயைத் தாண்டி இருந்தது. டிரைவர் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கியதும் கார் வேறாகிவிட்டது. புது கார் எடுக்கும் யாரும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

சிக்னலில் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பும் வசதியை ஒவ்வொரு முறையும் வண்டி எடுத்ததும் பட்டனை அழுத்தி அணைத்துவிடுகிறாள், ஏசி குளிர்ச்சி குறைவது பிடிக்கவில்லை. மைலேஜ் நெரிசலில் 14, 15. கம்பெனி சொல்லும் 24.8 அவள் வழியில் எந்தக் காலத்திலும் வராது, அதை எதிர்பார்த்து வாங்கவும் இல்லை. அதிர்வு பழகிவிட்டது, ஸ்டீயரிங் பழகவில்லை. ஆபீஸிலிருந்து கிளம்ப இரவு எட்டரை ஆகட்டும் என்று முன்பு காத்திருப்பாள், இப்போது ஆறரைக்கே எடுத்துவிடுகிறாள். பள்ளிக்கரணை வழியாகச் சுற்றி ஒரு தடவை போய்ப் பார்த்தேன் மாமா என்று போன வாரம் சொன்னாள். சுற்றுவழி எடுக்கத் தோன்றுகிறது என்றால் எனக்கு அதற்கு மேல் அளவுகோல் தேவையில்லை.

தனி வீடும், கார் நிற்கும் இடத்தில் சொந்த மீட்டரும் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நேராக ஸ்விஃப்ட்டுக்குப் போக வேண்டாம், முதலில் ஈவியை ஓட்டிப் பாருங்கள். அப்பார்ட்மென்ட்காரர்கள் கார் புக் செய்வதற்கு முன்னால் அசோசியேஷனுக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், வாய்வழி சம்மதம் மீட்டிங்கில் நிற்பதில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரிலிருந்து உங்கள் இடம் வரை கேபிள் நீளத்தையும், வீட்டு இணைப்பின் அனுமதித்த லோடு போதுமா என்பதையும் பார்த்து அந்த விண்ணப்பத்தோடு இணைத்தால் வேலை சீக்கிரம் நகரும். அக்கா மகளும் அப்படித்தான் கொடுத்திருக்கிறாள், அடுத்த கார் அக்காவுக்கு.